அழிச்சிடுங்கப்பா, பிரதி இருக்கு!

கரடியூரான்
மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்



"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று யூனியன் செயலாளர் ஒரு மாதமாக மெஸ்ஸில் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். கவிதை தரட்டுமா என்றேன். "ஐயோ சாமி, கவிதை ஏற்கெனவே நாப்பத்தி மூணு வந்து கிடக்கு, உனக்கு நடந்தது எதையாவது எழுது" என்றார். எனக்கு நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது பெருமைப்படும்படியானது இல்லை. ஆனால் நம் டிபார்ட்மெண்ட்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அதே தப்பைச் செய்யாமல் இருந்தால் சரி. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் படிக்கலாம். கதையில் ஒரு மெக்கானிக்கல்காரன் வருகிறான், அவன்தான் ஹீரோ!

என் ஊர் கரடியூர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வாந்தி எடுப்பவர்கள் எடுத்து முடித்து ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். டூரிஸ்ட்டுகள் வியூ பாயிண்ட் பார்க்க வருவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் இருக்கிறவர்கள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியிருக்கும், கீழே காப்பி. அப்பா ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் பேர் போடுவது, சம்பளக் கணக்கு, மூட்டைக் கணக்கு, வியாபாரிகளோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் கையில். 22 வருஷ சர்வீஸ். இதுவரை கணக்கில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை என்பது அவர் வாயால் சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரிந்த விஷயம்.

எஸ்டேட் ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர். முதலாளியின் மகன் இன்ஜினியரிங் படித்தபோது லினக்ஸ் போட்டு வைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். 40 ஜிபி டிஸ்க். எஸ்டேட் பெயரில் ஒரு மெயில் முகவரி உண்டு. ஆனால் அதை வைத்திருக்கும் கம்பெனி கொடுக்கும் இடம் ரொம்பச் சின்னது. அதனால் வருகிற மெயிலை எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் இழுத்து வைத்துக்கொண்டு, அங்கே அழித்துவிடும். ஜிமெயில் 2004-லேயே வந்துவிட்டதே, இந்தக் காலத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "லெட்டர் பேடுல அச்சடிச்ச அட்ரஸ் மாத்த முடியாது" என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன்.

2023 டிசம்பர் செமஸ்டர் லீவில் போனபோது அப்பா சொன்னார்: "கண்ணு, டிஸ்க்கு நெறஞ்சு போச்சாம், ஏதோ சிவப்பா எழுத்து வருது, பாரு." பார்த்தேன். மெயில்தான் பெரும்பாதி இடத்தை அடைத்திருந்தது. இரண்டாம் வருஷ கம்ப்யூட்டர் மாணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மெஷினில் புரோக்மெயில் என்ற புரோகிராம் இருந்தது. தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிறவர் மாதிரி. யாரிடமிருந்து வந்தது, தலைப்பு என்ன என்று பார்த்து, இந்தக் கடிதம் இந்தப் பெட்டிக்கு, அந்தக் கடிதம் அந்தப் பெட்டிக்கு என்று போடும். ஸ்டீபன் வான் டென் பெர்க் என்பவர் 1990-ல் வெளியிட்டது. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே! 2001-க்குப் பிறகு ரொம்ப வருஷம் யாரும் அதைத் தொடவில்லை. 2022-ல் அவரே திரும்ப வந்து புதுப் பதிப்பு விட்டார். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் அவசியம் இருந்தது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியபோது நம் சீனியர்களின் சீனியர்கள் டெலிபோன் லைனில் மோடம் கத்தக் கத்த மெயில் படித்தார்கள். ஒவ்வொரு கிலோபைட்டும் அவர்களுக்குக் காசு. என் விஷயத்தில் அவசியம் ஒரு பழைய டிஸ்க்.

என் யோசனை இதுதான். வருகிற மெயில் வழக்கம்போல இன்பாக்ஸில் விழட்டும். கூடவே வியாபாரிகளிடமிருந்து வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி, ஜிஜிப்பில் சுருங்கி, ஒரே ஃபைலின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளட்டும். அப்பா இன்பாக்ஸில் படித்ததும் அழித்துவிடலாம். இடம் மிச்சம், பிரதியும் பத்திரம்.

ஜிஜிப்பில் ஒரு அழகான குணம் உண்டு. ஒரு சுருக்கிய ஃபைலின் வாலில் இன்னொரு சுருக்கிய ஃபைலை அப்படியே ஒட்டினால், விரிக்கும்போது இரண்டும் வரிசையாக விரியும். 1996-ல் எழுதிய அதன் விதிமுறையிலேயே இது இருக்கிறது. ரயிலில் பெட்டி கோர்ப்பது போல. அதனால் மெயில் வரவரச் சுருக்கி, ">>" போட்டு வாலில் சேர்த்துக்கொண்டே போகலாம். புரோக்மெயிலில் இதற்கு இரண்டு மூன்று வரிதான்.

முதலில் தலைப்பை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். "மிளகு" என்று தலைப்பில் இருந்தால் இந்தப் பெட்டி என்று எழுதினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை! அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. மெயிலின் தலைப்பு வரிகளில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. வழியில் ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றிக் கட்டித்தான் அனுப்புவார்கள். நம் கண்ணுக்கு மெயில் புரோகிராம் அதைப் பிரித்து "மிளகு" என்று காட்டுகிறது. புரோக்மெயிலோ கட்டைப் பிரிக்காமல் வெளியே இருப்பதை மட்டும் பார்க்கிறது. அதற்கு அது மிளகும் இல்லை, காப்பியும் இல்லை, ஏதோ பேஸ்-64 குப்பை. தமிழில் வேலை செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பை நம்பாமல் அனுப்புநர் முகவரியை வைத்துப் பிரித்தேன். உடனே வேலை செய்தது. எனக்கே மூன்று மெயில் அனுப்பிப் பார்த்தேன். விரித்துப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.

அப்பாவைக் கூப்பிட்டு, பெரிய தோரணையோடு சொன்னேன்: "இனிமே படிச்சதும் அழிச்சிடுங்கப்பா. பிரதி இருக்கு."

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "அழிச்சா போயிடாதில்ல?"

"போகாதுங்கப்பா. நான் இருக்கேன்ல!"

இந்த "நான் இருக்கேன்ல" இன்னும் என் காதில் கேட்கிறது.

மார்ச் முதல் வாரம், ராத்திரி ஒன்பது மணி. ஹாஸ்டலில் போன். அப்பா அந்த நேரத்துக்குக் கூப்பிடவே மாட்டார். "கண்ணு, அந்தப் பிரதிப் பெட்டியத் தெறக்கறது எப்படி?" குரல் சரியில்லை.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் மிளகு ஒரு லாட் விற்றிருந்தார்கள். வியாபாரி விலையை மெயிலில் உறுதி செய்திருந்தார். அப்பா படித்தார், மூட்டை ஏற்றினார், நான் சொன்னபடி அழித்தார். இப்போது பணம் வந்தபோது கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்து வந்திருக்கிறது. வியாபாரியைக் கேட்டால், நாங்கள் மெயிலில் எழுதியபடிதான் கொடுத்திருக்கிறோம் என்கிறார்கள். அவர்கள் பக்கத்துப் பிரதியைக் கேட்டால், பார்த்துச் சொல்கிறோம் என்று நாள் கடத்துகிறார்கள். முதலாளி அப்பாவிடம், "ரைட்டரே, அந்த மெயிலக் காட்டுங்க" என்றிருக்கிறார். இல்லை. அழித்தாகிவிட்டது. "இந்த ஒண்ணு மட்டும் எப்படிங்க இல்லாமப் போச்சு?" என்று முதலாளி கேட்டாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? 22 வருஷம் கணக்கு எழுதிய மனிதருக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாதா?

"பயப்படாதீங்கப்பா, பிரதி இருக்கு" என்று சொல்லி, போனிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி டைப் அடிக்க வைத்தேன். ஃபைல் விரிய ஆரம்பித்து, பிப்ரவரி நடுவில் வந்து நின்றுவிட்டது. "என்னமோ எர்ரர்னு வருதுடா" என்றார். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். 20 வளைவிலும் வயிற்றைக் கலக்கியதற்கு பஸ் மட்டும் காரணம் இல்லை.

நடந்தது என்ன என்று கண்டுபிடிக்க ஒரு பகல் பிடித்தது.

புரோக்மெயிலில் ஒவ்வொரு விதியும் ":0" என்று தொடங்கும். அதற்குப் பின்னால் இன்னொரு முக்காற்புள்ளி சேர்த்து ":0:" என்று எழுதினால், எழுதும் முன் ஃபைலுக்குப் பூட்டு போடு என்று அர்த்தம். ஒரே ஒரு புள்ளி ஜோடி! நான் போடவில்லை.

பூட்டு என்றால் என்ன? எங்கள் எஸ்டேட் கிட்டங்கிச் சாவி ஆபீஸ் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். உள்ளே போகிறவர் சாவியை எடுத்துக்கொண்டு போவார். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, காத்திரு. புரோக்மெயிலும் அப்படித்தான். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஃபைலை உண்டாக்கும். அது ஏற்கெனவே இருந்தால், வேறு யாரோ உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று 8 விநாடி தூங்கி எழுந்து மறுபடி பார்க்கும். எழுதிக்கொண்டிருந்தவர் கரண்ட் போய் நடுவிலேயே செத்துவிட்டால்? 1024 விநாடி, அதாவது சுமார் 17 நிமிஷம், பழைய பூட்டாக இருந்தால் அனாதைப் பூட்டு என்று உடைத்துவிடும். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இதையெல்லாம் நான் அந்த ஒரு முக்காற்புள்ளியை விட்டு வீணாக்கினேன்.

சரி, இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியதே, எப்படி? அங்கேதான் ஏமாந்தேன். ஜிஜிப் தன் வேலையைச் சம அளவுத் துண்டு துண்டாகத்தான் ஃபைலில் எழுதும். சின்ன மெயில் என்றால் ஒரே துண்டோடு முடிந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒருவருடையது முழுதாக முன்னால், மற்றவருடையது முழுதாகப் பின்னால். கலப்படம் வராது. நான் சோதித்த மூன்றும் "ஹலோ, டெஸ்ட்" ரகம். பெரிய மெயில் என்றால் பல துண்டு. இரண்டு பெரிய மெயில் ஒரே சமயத்தில் வந்தால், இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு என்று பின்னிப்போகும்.

பிப்ரவரியில் ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி கேபிளை அறுத்து நாலு நாள் லைன் இல்லை. ஐந்தாம் நாள் லைன் வந்ததும் நாலு நாள் மெயிலும் மொத்தமாக இறங்கியது. லைன் புதுசு, படுவேகம். கம்ப்யூட்டர் கிழவன், மெதுவாகத்தான் சுருக்குவான். அந்த மெஷினில் மெயிலை வாங்கி உள்ளே கொடுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற புரோகிராம், நாம் மாற்றாவிட்டால் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மெயில் வரை கொடுக்கும். ஆக முதல் ஜிஜிப் பாதியில் இருக்கும்போதே இரண்டாவது ஜிஜிப் அதே ஃபைலுக்குள் புகுந்துவிட்டது. ஒன்று மிளகு விலை மெயில், எடைச் சீட்டு ஸ்கேனோடு. இன்னொன்று ஓர் உரக் கம்பெனியின் கலர் விளம்பரம்! என் அப்பாவின் மானமும் பொட்டாஷ் விளம்பரமும் சேர்ந்து பின்னிக்கொண்டு கிடந்தன.

விரிக்கிற புரோகிராம் அந்த இடத்தில் வந்ததும் கணக்கு உதைத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு வந்த மெயில்கள் நன்றாக இருந்தாலும் அவற்றுக்குப் போகாது. ரயிலில் நடுப்பெட்டி கவிழ்ந்தால் பின்பெட்டிக்காரன் கதி.

இன்னொரு தப்பும் கண்ணில் பட்டது. விதியில் "டபிள்யூ" என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் ஜிஜிப் வேலையை முடித்ததா, தோற்றதா என்று புரோக்மெயில் கேட்கும். இல்லாவிட்டால் கையில் கொடுத்ததோடு சரி, தபால் சேர்ந்துவிட்டது என்று போய்விடும். டிஸ்க் நிறைந்த மெஷினில் இது எவ்வளவு பெரிய ஆபத்து! ஜிஜிப் பாதி எழுதி இடமில்லாமல் நின்றாலும் யாருக்கும் தெரியாது. புரோக்மெயிலின் சொந்த உதாரணப் பக்கத்திலேயே, புது விதிகளைச் சோதிக்கும்போது கடைசி 32 மெயிலைத் தனியாகப் பிரதி எடுத்து வை என்று ஒரு விதியை எழுதிக் காட்டியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தைப் படித்தேனா? நமக்குத் தேவையான மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆள்தானே!

பின்பெட்டிகளை மீட்பது கஷ்டமாக இல்லை. ஜிஜிப் சுருக்கிய ஒவ்வொன்றும் 31, 139, 8 என்ற மூன்று பைட்டில் தொடங்கும். ஃபைல் முழுக்க இந்த மூன்றும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெட்டி விரித்துப் பார்க்க வேண்டியதுதான். தற்செயலாகவும் இந்த மூன்று பைட் வரலாம். ஆனால் 1 கோடியே 67 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். பின்னால் இருந்த 61 மெயிலும் வந்தன. நடுவில் பின்னிய இரண்டு மட்டும் வரவில்லை. எனக்கு வேண்டியதோ அதில் ஒன்று.

ஞாயிறு மதியம் அப்பாவிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, நான் முதலாளியிடம் வந்து சொல்கிறேன் என்றேன். "வேணாம். சின்னப் பையன் மேல பழியப் போடறான்னு நெனப்பாங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தேன். ரூமில் மெக்கானிக்கல் நண்பன் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். (வார்டன் சார் மன்னிக்கவும். காசு வைத்து ஆடவில்லை!) கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விட்டான். பிறகு அப்படியே நிறுத்தி, "டேய், உன் கதை இதானே?" என்றான்.

"எது?"

"ரெண்டு பாதியும் கலந்து போச்சு. ஆனா இந்தப் பாதிக்குள்ள இருந்த வரிசை மாறல பாரு. அந்தப் பாதியும் அப்படித்தான். நடுவுல அடுத்தவன் சீட்டு வந்து நிக்குது, அவ்வளவுதான். எது யாரோட சீட்டுன்னு தெரிஞ்சா பிரிச்சிடலாம்ல?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆமாம்! துண்டுகள் சம அளவு. பின்னிய பகுதியின் நீளத்தை அந்த அளவால் வகுத்தால், கடைசித் துண்டுகள் சிறியதாக இருப்பதையும் சேர்த்து, ஒன்பது துண்டு. ஒவ்வொரு துண்டும் மிளகுடையது அல்லது உரத்துடையது. முதல் துண்டு முதலில் தொடங்கிய மெயிலுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. மீதி எட்டுக்கும் இரண்டிரண்டு வாய்ப்பு. கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தோம்: 2-ன் அடுக்கு 8, மொத்தம் 256. கம்ப்யூட்டருக்கு 256 ஒரு கணக்கா!

சரியான சேர்க்கை எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஜிஜிப்பே வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும் 8 பைட்: நாலில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண், நாலில் விரித்தால் வர வேண்டிய நீளம். தப்பான துண்டைச் சேர்த்தால் விரிக்கும்போதே அபத்தமாகி நின்றுவிடும். தப்பித்தவறி ஓடினாலும் கடைசியில் சிஆர்சி காட்டிக்கொடுத்துவிடும். முதலில் முடிந்த மெயிலின் கடைசித் துண்டு எவ்வளவு நீளம் என்று தெரியாதே என்று ஒரு சிக்கல் இருந்தது. அதுவும் சிக்கல் இல்லை. சுருக்கிய தரவுக்குள்ளேயே "நான் இங்கே முடிகிறேன்" என்ற குறி இருக்கிறது. அது எங்கே முடிகிறதோ, அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் மற்றவனுடையது.

பைத்தானில் நாற்பது வரி. எழுத இரண்டு ராத்திரி, ஓட இரண்டு நிமிஷம்கூட இல்லை. 256-ல் ஒன்றே ஒன்று முழுதாக விரிந்தது. ஸ்கிரீனில் முதலில் வந்தது உர விளம்பரம். மெக்கானிக்கல்காரன், "ஏண்டா, இதுக்கா இவ்வளவு பாடு?" என்றான். அடுத்தது மிளகு.

படித்தேன். விலை அப்பா சொன்னதுதான். ஆனால் கடைசி வரியில், ஈரம் சோதித்த பிறகே விலை இறுதி என்று போட்டிருந்தது. மிளகு சரியாகக் காயாமல் ஈரத்தோடு போனால் குறைப்பார்கள்; வியாபாரத்தில் சகஜம். ஆக வியாபாரி சொன்னதும் பொய்யில்லை, அப்பா சொன்னதும் பொய்யில்லை. அப்பா அந்தக் கடைசி வரியைக் கவனிக்காமல் அழித்திருக்கிறார், பிரதி இருக்கிறது என்ற தைரியத்தில்.

பிரிண்ட் எடுத்து அடுத்த வாரம் கொண்டு போனேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஈரம்தான் காரணமா... சரி, களத்துல காயப்போடறவனைக் கேக்கணும்" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பாமலே, "மனசுல வெச்சுக்காதீங்க ரைட்டரே" என்றார். அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். 15 ரூபாய் திரும்ப வரவில்லை. அப்பா அன்று வீட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார் என்று அம்மா அப்புறம் சொன்னாள்.

அந்த லீவிலேயே எல்லாவற்றையும் மாற்றினேன். வாசலிலேயே சுருக்குவதை நிறுத்தினேன். மூட்டை கட்டுவதற்கு முன் காப்பியைக் களத்தில் காய வைக்கிறோம். ஈரத்தோடு கட்டினால் மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடிக்கும்; திறக்கும்போதுதான் தெரியும். மெயிலையும் அப்படியே களத்தில் போட்டேன். வருவது எதுவும் சுருங்காமல், ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைலாக மெயில்டிர் என்ற முறையில் விழும். அதில் மெயிலை முதலில் ஒரு தற்காலிக அறையில் முழுதாக எழுதி முடித்து, பிறகுதான் பெயர் மாற்றிப் புது மெயில் அறைக்குத் தள்ளும். ஆளுக்கொரு ஃபைல் என்பதால் இடித்துக்கொள்ளவே வழியில்லை. கியூமெயில் எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைனின் யோசனை அது.

ஒரு மாதம் ஆறிய மெயில்களை மட்டும் மதியம் அப்பா சாப்பிடப் போகும் நேரத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எடுத்துச் சுருக்கும். முதலில் பூட்டு. பிறகு பழைய மூட்டையைத் தொடாமல் புதுப் பெயரில் ஒரு மூட்டை. அதை உடனே சோதிப்பது. ஜிஜிப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. பிறகு விரித்து, உள்ளே எத்தனை மெயில் என்று எண்ணிப் பார்ப்பது. போட்ட எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் பெயர் மாற்றம். அதற்குப் பிறகுதான் மூலத்தை அழிப்பது. எங்காவது உதைத்தால் எதையும் தொடாமல் அப்பாவுக்கு ஒரு மெயில் போகும். மொத்தமாகச் சுருக்குவதில் ஒரு லாபமும் உண்டு: ஒவ்வொரு மெயிலிலும் திரும்பத் திரும்ப வரும் அதே முகவரி, அதே கையெழுத்து வரிகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுருங்கும். தனித்தனியாகச் சுருக்கினால் ஒவ்வொன்றும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. எழுத்து மட்டும் உள்ள மெயில் நன்றாகச் சுருங்கியது, உண்மைதான். ஆனால் டிஸ்க்கை அடைத்திருந்தது எழுத்து இல்லை, ஸ்கேனும் போட்டோவும். அவை ஏற்கெனவே சுருங்கியவை. மெயிலில் போகும்போது பேஸ்-64-ஆக மாறி மூன்று பைட் நாலாக ஊதும். ஜிஜிப் அந்த ஊதலை மட்டும் இறக்கும். கால் பங்கு மிச்சம், அவ்வளவே. இந்தக் கால் பங்குக்காகத்தான் நான் அப்பாவின் 22 வருஷத்தை அடகு வைத்தேன்!

ஏப்ரலில் முதலாளி ஒரு புது டிஸ்க் வாங்கிப் போட்டார். பழையதைப் போல இருபத்தைந்து மடங்கு. இடப் பிரச்சினையே இல்லை. என் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது, ஆனால் அழிக்கும் வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டேன். அப்பா பச்சை அட்டை நோட்டு ஒன்று போட்டு, முக்கியமான மெயில் வந்தால் தேதி, விலை, கடைசி வரி என்று மூன்று கட்டத்தில் பேனாவால் எழுதி வைக்கிறார். இன்பாக்ஸில் எதையும் அழிப்பதில்லை. போன லீவில் பார்த்தேன், நாலாயிரத்துக்கும் மேல் கிடக்கிறது. மீட்ட அந்த இரண்டு மெயிலையும் முன்பே அதில் சேர்த்து வைத்திருந்தேன். அந்தக் கலர் உர விளம்பரமும் இருக்கிறது. "இதையாவது அழிச்சிடலாமாங்கப்பா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.